உள்ள வாங்க, பேசி முடிச்சுருவோம்

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் அம்மா இருபது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறவர். வேலைக்கான ஆர்டரைத் திருவேங்கடம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். "அண்ணே, நீங்க பேங்க்ல இருக்கீக. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்றான். பதினாலு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். சம்பளம் இருக்கிற பக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தான். பதினோராம் பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை.

அந்தப் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வேலை சம்பந்தமாக உனக்கும் கம்பெனிக்கும் எந்தத் தகராறு வந்தாலும், உன்னிடம் பாகுபாடு காட்டினார்கள் என்ற புகார் உட்பட, கம்பெனி நியமிக்கிற ஒரே நடுவர் விசாரிப்பார். அவர் சொல்வதே முடிவு. அங்கே பேசியது எதையும் வெளியே சொல்லக்கூடாது. இதற்கு ஆர்பிட்ரேஷன் என்று பெயர்.

"இதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தப் பக்கத்தை நான் இங்கிலீஷில் இப்போதுதான் வாசிக்கிறேன். ஆனால் தமிழில் எங்க தாத்தா காலத்திலேயே வாசித்துவிட்டோம்.

எங்க தாத்தாவுக்குக் கூலிப் பாக்கி வந்தது. கேட்டார். கேட்டதற்கு அடி விழுந்தது. போலீசுக்குப் போகிறேன் என்றவரை ஊர்ச் சாவடிக்குக் கூப்பிட்டார்கள். "நமக்குள்ள பேசி முடிச்சுக்கிடலாம், எதுக்கு ஸ்டேஷனு?" அடித்தவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார். நடுவர் யார்? அடித்தவனின் பெரியப்பா! தீர்ப்பு என்ன? அடித்தது தப்புதான், ஆனால் அடிக்கிற மாதிரிப் பேசியதும் தப்பு. அதனால் இவன் விழுந்து கும்பிடணும், அவன் பாதிக் கூலியைக் கொடுத்துவிடணும். தாத்தா கும்பிட்டார். பாதிக் கூலியும் வரவில்லை. ஆனால் ஊரில் 'சமாதானம்' ஆகிவிட்டது.

இது பழைய கதை, இப்போ யார் சாவடிக்குக் கூப்பிடறாங்க என்று கேட்கிற படித்த நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். நான் பட்டதாரி. பரீட்சை எழுதி வங்கிக்கு வந்தவன். எங்கள் மாவட்டத்துக்கு வெளியே ஒரு கிளையில் வேலை பார்த்தபோது, ஒரு செக்கைப் பதிவு செய்ததில் நான் செய்த தவறுக்காக மேனேஜர் கேபினுக்குள் கூப்பிட்டார். தவறு என்னுடையதுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே, "கோட்டாவுல வந்தா இப்படித்தான் இருக்கும், ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல" என்றார். அதன் பிறகு என் சாதியின் பெயரையும் சொன்னார். கேபினில் நாங்கள் இரண்டே பேர். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. வெளியே கவுண்டரில் நகைக்கடன் வரிசை நின்றுகொண்டிருந்தது.

நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். பத்து நாளில் ஒரு அதிகாரி வந்தார், கூடவே சங்கத் தோழர் ஒருவரும் வந்தார். டீ வந்தது, முறுக்கு வந்தது. "உக்காருங்க தம்பி, பேசி முடிச்சுருவோம். அவருக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துட்டு, பொண்ணு கல்யாணம் வேற இருக்கு. நீங்க கவிதையெல்லாம் எழுதுதீகளாமே, பெரிய மனசு இருக்கும்லா." அதே கேபின்தான், அதே கதவுதான், அன்றும் சாத்தியிருந்தது. 'தவறான புரிதலால் ஏற்பட்ட மனவருத்தம் பேசித் தீர்க்கப்பட்டது' என்று டைப் அடித்துத் தயாராக வைத்திருந்த தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து டிரான்ஸ்பர் வந்தது, எனக்கு! நிர்வாகக் காரணம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கவிதை எழுதினேன். கவிதைக்கு யாரும் சம்மன் அனுப்புவதில்லை.

ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்கிறேன். அந்த அறைக்குள் நான் மட்டும்தான் எங்கள் ஆள். உட்கார நாற்காலி கொடுத்தார்கள். தாத்தாவுக்கும் எனக்கும் நடுவில் வந்த முன்னேற்றம் அந்த நாற்காலிதான்.

தோழர்களே, இந்த மூடிய அறையைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். சட்டமே இந்த அறையை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் அது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். 2020 நவம்பரில் உத்தரகாண்ட் வழக்கு ஒன்றில், நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது பேசியது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் நம்ம ஊர் வழக்கே வந்தது. லால்குடியில் ஒரு வருவாய் ஆய்வாளர், தன் அலுவலகத்தில் தன்னைச் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று கொடுத்த வழக்கு. உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அலுவலக அறையின் நாலு சுவருக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள், ஆகவே பொதுமக்கள் பார்வை இல்லை என்பது காரணம்.

சட்டத்தின் வாசகம் அப்படி இருக்கிறது, நீதிபதிகள் அதை வாசித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வயலிலும் தெருவிலும் டீக்கடையிலும் நடந்த சாதிக்காக எழுதின வாசகம் அது. நம் பிள்ளைகள் இன்று வேலை பார்ப்பது கேபின்களுக்குள். கேபினுக்குள் இழிவுபடுத்தினால் பொது இடம் இல்லை என்று ஒரு பக்கம் கதவு சாத்துகிறது. புகார் கொடுத்தால் அதையும் கேபினுக்குள் வைத்தே முடி என்று இன்னொரு பக்கம் கதவு சாத்துகிறது. அவமானம் நடந்ததும் தெரியாது, தீர்ந்ததும் தெரியாது. சாதிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

இந்த இரண்டாவது கதவை உலகத்திலேயே கெட்டியாகச் செய்து வைத்திருக்கிற நாடு அமெரிக்கா. 1925இல் வியாபாரிகளின் ஒப்பந்தத் தகராறுகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த ஆர்பிட்ரேஷன் சட்டத்தை, 1991க்குப் பிறகு அங்குள்ள நீதிமன்றங்கள் வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களுக்கும் தாராளமாகத் திறந்துவிட்டன. வேலையில் சேருகிற அன்றே கையெழுத்து. அதோடு கோர்ட்டு வாசல் அடைப்பு. 2017இல் எடுத்த ஒரு ஆய்வின்படி அங்கே 6 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள். 2018 நவம்பரில் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியே வந்து நின்றது இதற்கும் சேர்த்துத்தான். 2022 மார்ச்சில் பாலியல் வன்முறை, பாலியல் சீண்டல் புகார்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயத்தை அமெரிக்கா நீக்கியது. நிறத்துக்கோ சாதிக்கோ அந்தச் சட்டம் கதவைத் திறக்கவில்லை.

சாதிக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம்மூர்க்காரன் போகிற இடமெல்லாம் அதையும் பெட்டிக்குள் வைத்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறான். சிஸ்கோ என்கிற பெரிய கம்பெனி மீது 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசின் துறையே வழக்குப் போட்டது. ஒரு தலித் எஞ்சினியர், ஐ.ஐ.டி.யில் படித்தவர். மேலாளர் அவருடைய சாதியையும், அவர் இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதையும் சக ஊழியர்களிடம் சொன்னார், 2016இல் அவர் கம்பெனிக்குள்ளேயே புகார் கொடுத்த பிறகு ஓரங்கட்டப்பட்டார் என்பது அரசுத் துறையின் குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்தது. கோட்டா என்கிற அந்த ஒரு சொல் எங்கள் கிளையின் கேபினிலிருந்து கலிபோர்னியா வரைக்கும் போயிருக்கிறது பார்த்தீர்களா!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த எஞ்சினியர் வேலையில் சேரும்போது ஆர்பிட்ரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைக் காட்டி, இந்த வழக்கு கோர்ட்டில் நடக்கக்கூடாது, நடுவரிடம் போகவேண்டும் என்று கம்பெனி கேட்டது. கீழ்க் கோர்ட்டு மறுத்தது. 2022 ஆகஸ்ட் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. காரணம் எளிமையானது: கையெழுத்துப் போட்டது அவர், வழக்குப் போட்டது அரசுத் துறை. பொது நலனுக்காகத் தன் பொறுப்பில் வழக்கு நடத்துகிற அரசை, இன்னொருவர் போட்ட கையெழுத்து கட்டுப்படுத்தாது. 2023 ஏப்ரலில் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறையே கைவிட்டது. கம்பெனி மீதான வழக்கை அதோடு சேர்த்துக் கைவிடவில்லை. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதல்ல இங்கே என் அக்கறை. அரசு தன் பெயரில் வழக்குப் போட்டிராவிட்டால், அந்தச் சாதிப் புகார் ஓர் அறைக்குள் போய் அங்கேயே முடிந்திருக்கும். நீங்களும் நானும் அதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம்.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் ஆகும், நடுவரிடம் ஆறு மாசத்தில் முடியும் என்கிறார்கள். நிஜம். வாய்தா வாய்தாவாக அலைந்து செத்துப்போன ஆட்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் வேகமாகத் தீர்ப்புச் சொல்வதுதான் பெருமை என்றால், எங்க தாத்தாவுக்கு ஒரே சாயங்காலத்தில் தீர்ப்புச் சொன்ன அந்தப் பெரியப்பாவை விடப் பெரிய நீதிபதி யார்? கோர்ட்டு மெதுவாக நடக்கிறது என்றால் கோர்ட்டை வேகப்படுத்து. சிறப்பு நீதிமன்றங்களைக் கூட்டு. எங்கள் வாசலை மட்டும் அடைக்காதே.

இரண்டாவது வாதம் கனமானது. ரகசியம் தலித்துக்கும் நல்லதுதானே, சாதி வெளியே தெரியாமல் இருக்குமே என்பது. இதை நான் சுலபமாகத் தள்ள மாட்டேன். வாடகை வீட்டுக்காகச் சாதியை மறைத்து வாழ்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அந்தக் கலிபோர்னியா எஞ்சினியரும் தன் சொந்தப் பெயரில் வரவில்லை. அவர் பெயரை மறைக்கலாமா என்பதே தனி வழக்காகி, அதே 2022 ஆகஸ்ட் 5 அன்று, இந்தியாவில் இருக்கிற குடும்பத்துக்கு வரக்கூடிய ஆபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆக, ஆளின் பெயரை மறைத்துவிட்டு வழக்கை வெளிச்சத்தில் நடத்த வழி இருக்கிறது. ஆர்பிட்ரேஷன் செய்வது நேர்மாறு. அது கம்பெனியின் பெயரைக் காப்பாற்றுகிறது, குற்றத்தை மறைக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட நம் ஆள் எவன் என்பது மட்டும் ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கும். அடுத்து அதே மேலாளரின் கீழ் வந்து சேருகிற தலித்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாது. அவனும் முதல் ஆளாகவே அடிபடுவான்.

சரி, சமரசத்துக்கு மாட்டேன் என்றால் என்ன ஆகும்? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம், சங்கரன்கோவில் போனால் போதும். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கு, இனிமே தர மாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன வீடியோவை நாடே பார்த்தது. பலரும் அதை மிட்டாய்ப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பின்னணி என்ன? 2020இல் நடந்த மோதலில் வழக்கு இருந்தது. அந்த வழக்கால் அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு ராணுவ வேலையில் சேருவதில் தடங்கல் வந்தது. வழக்கைத் திரும்ப வாங்குங்கள், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். நம் ஆட்கள் மறுத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் கட்டுப்பாடு என்று அன்றைய செய்திகள் சொல்லின. சமரசத்துக்குச் சம்மதிக்காததற்குத் தண்டனை, அஞ்சு வயசுப் பிள்ளையின் மிட்டாய்! அங்கேயும் கதவு திறந்தது வீடியோவால்தான். கைது நடந்தது. வன்கொடுமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பயன்படுத்தி, ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக்கூடாது என்று திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. நாலு பேர் பார்க்க நடந்ததால் நடந்த நியாயம் அது.

சமரசத்தின் பெயரால் நாம் இழந்ததற்குப் பெரிய உதாரணம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1932 ஆகஸ்டில் கிடைத்த தனி வாக்காளர் தொகுதி உரிமை, செப்டம்பர் 24ஆம் தேதி எரவாடாவில் கைவிட்டுப் போனது. ஒரு பக்கம் காந்தியின் உயிர். அவர் செத்தால் சேரிகள் எரியும் என்கிற பயம். அந்த நிலையில் பாபாசாகேப் போட்ட கையெழுத்தை 'ஒப்பந்தம்' என்று பாடப் புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் கையெழுத்துக்கு ஒப்பந்தம் என்று பெயர் வைக்கலாமா? எங்கள் தெருப் பையனின் பதினோராம் பக்கத்துக்கும் இதே கேள்விதான். அந்தப் பக்கத்துக்குச் சம்மதமில்லை என்றால் வேலை இல்லை. அரசு வேலை சுருங்கிக்கொண்டே போகிற காலத்தில், இட ஒதுக்கீடு இல்லாத தனியார் வேலைக்கு அடித்துப் பிடித்துப் போகிற முதல் தலைமுறைப் பட்டதாரி, எந்த வாக்கியத்தை அடிக்கச் சொல்லிக் கேட்பான்?

நான் சமரசமே கூடாது என்கிறவன் இல்லை. பாதிக்கப்பட்டவர், தன் யோசனையில், தன் ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு இது போதும் என்று சொன்னால் அது அவருடைய உரிமை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அந்தப் பெண் கேட்டால் மட்டுமே சமரச முயற்சி. அதுவும் பணம் கொடுத்து முடிக்கிற சமரசம் கூடாது என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. அது குறையில்லாத சட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் நியாயம் இருக்கிறது. வன்கொடுமை வழக்கில் சமரசம் என்று வந்தால், அது மிரட்டி வாங்கியதா, மனசார வந்ததா என்று கவனமாகப் பார்க்கவேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. என் கேபினுக்கு வந்து யாராவது அப்படிப் பார்த்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பார்கள்.

இப்போது மாணவத் தோழர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை விஷயம். இப்படி ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பதால் எல்லாம் போய்விடவில்லை. வழக்கில் அக்கறை உள்ள கட்சியே ஒற்றை நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பளப் பாக்கி, வேலைநீக்கம் என்று தொழிலாளர் சட்டத்தில் வருகிற விஷயங்களை ஆர்பிட்ரேஷனுக்கு இழுத்த ஒரு கம்பெனிக்கு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கொன்றில், 2024 டிசம்பரில் 5 லட்சம் ரூபாய் செலவுத்தொகை போட்டார்கள். குற்ற வழக்கை எந்த ஒப்பந்தமும் தடுக்க முடியாது. வன்கொடுமைப் புகார் கொடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், அடிப்படை உரிமையைக் கேட்க மாட்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஒழித்ததை ஒரு கம்பெனியின் பதினோராம் பக்கம் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் இதெல்லாம் தற்காப்பு மட்டும்தான். தனியார் கம்பெனியில் சாதி பார்த்து ஓரங்கட்டினால், பதவி உயர்வை மறுத்தால், நஷ்டஈடு கேட்டு நேரே போக இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அந்தச் சட்டம் வேண்டும். சாதிப் பாகுபாட்டுப் புகாரை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதில் எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்காமல் சமரசப் பேச்சு எடுப்பதே தவறு என்று எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவருக்காக அரசே வழக்கு நடத்த அதிகாரம் வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் 'பொதுமக்கள் பார்வை' என்கிற வாசகத்தில் அலுவலக அறையைச் சேர்க்க வேண்டும். 2018 ஏப்ரல் 2 அன்று தெருவில் இறங்கித்தான், நீர்த்துப்போன சட்டத்தை அதே வருஷம் பழையபடி மீட்டோம். நாம் கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒன்று. கூலி உயர்வுக்குக் கேட்டை மறிக்கிற நீங்கள், சாதிப் புகார் வந்தால் மட்டும் மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குக் கடிக்கிறீர்களே, அது ஏன்? எங்கள் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பையன் கையெழுத்துப் போட்டான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்ட நான் எந்த முகத்தோடு சொல்வேன்? அவன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து விடுதலை வேண்டும். ஆனால் அவனிடம் மூன்று காரியம் சொல்லி அனுப்பினேன். பதினாலு பக்கத்துக்கும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வை. எவனாவது ஏதாவது சொன்னால் அன்றைக்கே தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று எழுதி வை. அப்புறம், "உள்ள வாங்க தம்பி, பேசி முடிச்சுருவோம்"னு எவனாவது கூப்பிட்டா, தனியாகப் போகாதே.

"போன் போடுதேண்ணே" என்றான்.

போடுடா. எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வருகிறேன். நீ உட்கார்ந்த பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல். கதவைச் சாத்த வேண்டாம் என்றும் சொல்.